முதல் பட்ஜெட்டை வைத்து ஒரு பாலபாடம்: கோயம்புத்தூர் சண்முகம் செட்டியாரும் நாட்டின் கணக்கும்

பிப்ரவரி 1-ஆம் தேதி மத்திய பட்ஜெட் வந்தால் திருப்பூரிலும் சோமனூரிலும் பல்லடத்திலும் பேச்சு இரண்டு கேள்விகளோடு முடிந்துவிடுகிறது. வருமான வரி வரம்பு ஏறியதா? நூல் விலைக்கு ஏதாவது வழி பிறந்ததா? மற்ற பக்கங்களைப் பெரும்பாலும் யாரும் புரட்டுவதில்லை. அது ஆடிட்டர்களின் வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு இதில் வருத்தம் உண்டு. பேரேடும் ஐந்தொகையும் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கும் கொங்கு நாட்டில், பட்ஜெட்டைப் படிக்க அதற்கு மேல் தேவைப்படுவது மிகக் கொஞ்சம்தான்.

அந்தக் கொஞ்சத்தைக் கற்றுக்கொள்ள, சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைவிட நல்ல பாடநூல் இல்லை என்பேன். அது அளவில் சிறியது. அதன் முக்கியமான எண்கள் ஒரு கை விரல்களில் அடங்கும். அதைத் தாக்கல் செய்தவர் ஆர். கே. சண்முகம் செட்டியார், கோயம்புத்தூர்க்காரர்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். 1892 அக்டோபர் 17-ஆம் தேதி கோயம்புத்தூரில் பிறந்தவர். வணிகக் குடும்பம். சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்தார். படிப்பு முடிந்ததும் குடும்பத் தொழிலும் ஊர்ப் பொதுவாழ்வும் ஒன்றாகவே அவரிடம் வந்து சேர்ந்தன. 1917-ல் கோயம்புத்தூர் நகராட்சி உறுப்பினர்; பிறகு துணைத் தலைவர். 1920-ல் நீதிக்கட்சி சார்பில் சென்னைச் சட்டமன்றம். அங்கிருந்து சுயராஜ்யக் கட்சி, டெல்லி மத்திய சட்டமன்றம் என்று நகர்ந்தார். 1933-ல் அந்த மன்றத்தின் தலைவராக, அதாவது இன்றைய சொல்லில் சபாநாயகராக, அமர்ந்தார். அடுத்த ஆண்டே தேர்தலில் தோற்றார்.

தோற்றவரை கொச்சி சமஸ்தானம் திவானாக அழைத்துக்கொண்டது. 1935 முதல் 1941 வரை அங்கே நிர்வாகம் நடத்தினார். கொச்சித் துறைமுகத்தின் வளர்ச்சியில் அவருக்குப் பங்குண்டு. எர்ணாகுளத்தில் மரைன் டிரைவை ஒட்டிச் செல்லும் சண்முகம் சாலை அவர் பெயரால் அமைந்தது. நம் பக்கத்திலிருந்து அங்கே போகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்து இவரை நினைக்கிறோம்? போர்க்காலத்தில் இந்தியாவுக்கான கொள்முதல் குழுவுக்குத் தலைமை ஏற்று அமெரிக்கா சென்றார். 1944-ல் உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் உருவான பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் இந்தியப் பிரதிநிதிகளில் ஒருவராக இருந்தார்.

இவர் காங்கிரஸ்காரர் அல்லர். நேருவின் முதல் அமைச்சரவையில் அம்பேத்கரைப் போல, சியாமா பிரசாத் முகர்ஜியைப் போல, காங்கிரசுக்கு வெளியே இருந்து அழைக்கப்பட்டவர். 1947 ஆகஸ்ட் 15 அன்று நிதி அமைச்சராகப் பொறுப்பேற்றபோது நகராட்சிக் கணக்கு, மன்ற விதிகள், சமஸ்தான நிர்வாகம், பன்னாட்டுப் பேரம் என நான்கும் அவருக்குக் கைவந்திருந்தன.

இனி பாடத்துக்கு வருவோம்.

பட்ஜெட் என்பது அனுமதி கேட்கும் தாள்

ஒரு நூற்பாலை தன் கணக்கை ஆண்டு முடிந்த பிறகு எழுதி முடிக்கிறது. இவ்வளவு பஞ்சு வாங்கினோம், இவ்வளவு நூல் விற்றோம், கூலியும் மின்கட்டணமும் வட்டியும் தேய்மானமும் போக இவ்வளவு லாபம் அல்லது நட்டம். பங்குதாரர்கள் அதைப் பார்த்து ஒப்புக்கொள்வார்கள். முதலாளி நடுவில் ஒரு செலவு செய்ய வேண்டுமானால் செய்துவிடுவார். யாரிடமும் முன்கூட்டிக் கேட்கத் தேவையில்லை.

அரசுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அரசின் பணம் வரியாக வந்த பணம். சட்டத்தின் அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய் வரியும் வசூலிக்க முடியாது. மக்கள் பிரதிநிதிகளின் அனுமதி இல்லாமல் ஒரு ரூபாயும் செலவழிக்க முடியாது. ஆகவே அடுத்த ஆண்டு வரப்போகும் வரவையும் ஆகப்போகும் செலவையும் மதிப்பிட்டு, மன்றத்தின் முன்னால் வைத்து, "இதற்கு இசைவு தாருங்கள்" என்று கேட்க வேண்டியிருக்கிறது. அதுதான் பட்ஜெட். நம் அரசமைப்புச் சட்டத்தின் 112-வது பிரிவு இதை ஆண்டு நிதிநிலை அறிக்கை என்கிறது. வரவுகள் சேரும் இடம் இந்தியத் தொகுப்பு நிதி. அதிலிருந்து பணம் எடுக்க நாடாளுமன்றம் மானியக் கோரிக்கைகளை, அதாவது ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குக் கேட்கும் தொகைகளை, நிறைவேற்றி, பிறகு நிதி ஒதுக்கீட்டு மசோதாவையும் நிறைவேற்ற வேண்டும். வரி மாற்றங்களுக்கு நிதி மசோதா தனியாக வரும். அமைச்சரின் உரை இந்த நீண்ட வேலையின் தொடக்கம் மட்டுமே. தொலைக்காட்சி அதையே முழுப் பட்ஜெட்டாகக் காட்டிவிட்டு மறுநாள் வேறு செய்திக்குப் போய்விடுகிறது. செலவுக்கு உண்மையில் அனுமதி கிடைக்கும் நாள்களை யாரும் கவனிப்பதில்லை.

முதல் பட்ஜெட்டில் இந்த அனுமதி என்ற கருத்து மிகத் தெளிவாகத் தெரியும். நாடு சுதந்திரம் அடைந்தது ஆகஸ்ட் 15. நிதியாண்டோ ஏப்ரல் முதல் மார்ச் வரை. அந்த ஆண்டுக்கான பட்ஜெட் சுதந்திரத்துக்கு முன்பே, பிரிக்கப்படாத இந்தியாவுக்காகப் போடப்பட்டிருந்தது. ஆகஸ்ட் 15-க்குப் பிறகு அந்த நாடே இல்லை. எல்லை வேறு, படை வேறு, வரவு வேறு. பழைய அனுமதியை வைத்துக்கொண்டு புதிய நாடு செலவு செய்வது எப்படி முறையாகும்? எனவே எஞ்சிய ஏழரை மாதங்களுக்கு மட்டும், அதாவது 1947 ஆகஸ்ட் 15 முதல் 1948 மார்ச் 31 வரைக்கும், சண்முகம் செட்டியார் ஒரு பட்ஜெட் தயாரித்தார். 1947 நவம்பர் 26 அன்று அரசியல் நிர்ணய சபை சட்டமன்றமாகக் கூடியபோது அதை முன்வைத்தார்.

பஞ்சாபில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. லட்சக்கணக்கானோர் வீடிழந்து எல்லை கடந்து வந்துகொண்டிருந்தார்கள். காஷ்மீரில் போர் தொடங்கிவிட்டது. அந்தச் சூழலில்கூட, "முதலில் செலவு செய்வோம், கணக்கைப் பிறகு பார்ப்போம்" என்று இருந்துவிடாமல் மன்றத்தின் முன் வந்து நின்றார்கள். அந்த உரையை எப்போது படித்தாலும் என்னை நிறுத்தி வைக்கும் விஷயம் இது.

எண்களைப் படிப்போம்

அந்த ஏழரை மாதத்துக்கு மதிப்பிடப்பட்ட வருவாய் 171.15 கோடி ரூபாய். செலவு 197.39 கோடி. செலவில் பாதுகாப்புக்கு 92.74 கோடி, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 104.65 கோடி. நூறு ரூபாய் செலவில் ஏறக்குறைய 47 ரூபாய் படைக்கே போனது. மீதமுள்ள 104.65 கோடியிலும் அகதிகளை அழைத்துவரவும் காப்பாற்றவும் சுமார் 22 கோடி, இறக்குமதி செய்த உணவு தானியத்தை மலிவாகக் கொடுக்க அதே அளவு இன்னொரு தொகை. பள்ளியும் மருத்துவமனையும் சாலையும் இந்தக் கணக்கில் எவ்வளவு ஒடுங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பட்ஜெட்டில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மொத்தத் தொகை எவ்வளவு என்பதைவிட, நூறு ரூபாயில் எதற்கு எத்தனை ரூபாய் என்பது ஒரு அரசின் நெருக்கடியையும் மனத்தையும் காட்டிவிடும்.

அடுத்தது பற்றாக்குறை. 197.39-லிருந்து 171.15-ஐக் கழித்தால் 26.24 கோடி துண்டு விழுகிறது. இது வருவாய்க் கணக்கில் விழுந்த துண்டு. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்; புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது.

ஆலைக் கணக்கில் இரண்டு வகைச் செலவு உண்டு. பஞ்சு, கூலி, மின்சாரம், வட்டி ஆகியவை ஆண்டுதோறும் வந்து கரைந்து போகும் செலவு. புதிய கதிர் எந்திரம் வாங்குவதும் கட்டடம் எழுப்புவதும் முதலீடு. அது நாளை வருமானம் தரும். எந்திரம் வாங்கக் கடன் வாங்கினால் ஊரில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வாரக் கூலி கொடுக்கவே கடன் வாங்கினால், "ஆலை தள்ளாடுகிறது" என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். அரசுக் கணக்கும் இப்படித்தான் பிரிந்திருக்கிறது. சம்பளம், ஓய்வூதியம், மானியம், வட்டி எல்லாம் வருவாய்ச் செலவு. ரயில்பாதை, அணை, நெடுஞ்சாலை எல்லாம் மூலதனச் செலவு. வருவாய்ச் செலவுக்கே வருவாய் போதாவிட்டால் அது வருவாய்ப் பற்றாக்குறை. இரண்டு வகைச் செலவையும் சேர்த்து, கடன் அல்லாத வரவு போக, அரசு எவ்வளவு கடன் வாங்க வேண்டியிருக்கிறது என்பது நிதிப் பற்றாக்குறை. செய்தித்தாள் முதல் பக்கத்தில் "பற்றாக்குறை 4.4 சதவீதம்" என்று வருவது இந்த இரண்டாவது எண், நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் அது எத்தனை பங்கு என்பதைச் சொல்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால் 1947-ஐயும் இன்றையதையும் சரியாக ஒப்பிடலாம். 2025-26 மத்திய பட்ஜெட் மதிப்பீட்டில் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய், நிதிப் பற்றாக்குறை 15.69 லட்சம் கோடி. இந்த 15.69-ஐ எடுத்துக்கொண்டு பழைய 26.24 கோடியோடு ஒப்பிட்டால் தவறு. ஒன்று முழுக் கடன் தேவை, மற்றது வருவாய்க் கணக்கின் துண்டு மட்டும். ஒப்பிட வேண்டிய எண் 2025-26-இன் வருவாய்ப் பற்றாக்குறை, 5.24 லட்சம் கோடி. வருவாய் வரவு 34.20 லட்சம் கோடி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1947-ல் நூறு ரூபாய் வருவாய்க்குத் துண்டு விழுந்தது சுமார் 15 ரூபாய். 2025-26-லும் நூற்றுக்குச் சுமார் 15 ரூபாய்தான். இது தற்செயல், இடையில் இந்த விகிதம் எத்தனையோ முறை ஏறி இறங்கியிருக்கிறது. ஆனால் காரணங்கள் வேறு. அன்று படையும் அகதிகளும் உணவும் பணத்தை விழுங்கின. இன்று வட்டி விழுங்குகிறது: 2025-26-இல் வட்டிக்கு மட்டும் 12.76 லட்சம் கோடி, வருவாய்ச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பழைய கடனுக்கு வட்டி கட்டுவதிலேயே இவ்வளவு போனால் புதிதாகச் செய்ய என்ன மிஞ்சும் என்ற கேள்வியை, தொழில் நடத்துகிறவர்கள் அரசிடம் இன்னும் உரக்கக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நூல் மீது ஒரு வரி

26.24 கோடி துண்டை அடைக்கச் செட்டியார் என்ன செய்தார்? புதிய வரிச்சுமையை மக்கள் மீது பெரிதாக ஏற்றவில்லை. அவர் கைவைத்த இடம் பருத்தித் துணி, நூல் ஏற்றுமதித் தீர்வை. அதனால் அந்த ஆண்டு 1.65 கோடி கூடுதலாக வரும் என்று மதிப்பிட்டு, பற்றாக்குறையை 24.59 கோடியாகக் குறைத்துக் காட்டினார்.

நூலும் துணியும் உயிராக இருக்கும் ஊரிலிருந்து போனவர், தன் முதல் பட்ஜெட்டில் தேர்ந்தெடுத்த வரி நூல் மீதும் துணி மீதும்! 1888-ல் ஸ்டேன்ஸ் ஆலை தொடங்கிய பிறகு கோயம்புத்தூரில் ஆலைகள் மெல்ல வந்தன; 1930-களில் பைக்காரா மின்சாரம் கிடைத்ததும் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் புகைபோக்கிகள் வரிசையாக எழுந்தன. ஏற்றுமதித் தீர்வை என்றால் அந்த ஆலைக்காரர்களுக்கு என்ன பொருள் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அது உள்நாட்டில் துணிக்குத் தட்டுப்பாடு இருந்த காலம். போர் முடிந்தும் கட்டுப்பாடுகள் தீரவில்லை. சாதாரண மக்கள் துணிக்கு அலைந்தார்கள். வெளியே போகும் துணிக்கு வரி போட்டால் அரசுக்குக் கொஞ்சம் வரவு, ஏற்றுமதிக்குக் கொஞ்சம் தடை. வரி என்பது பணம் திரட்டும் வழி மட்டுமன்று, சரக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று திருப்பிவிடும் மடையும் ஆகும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான எடுத்துக்காட்டு வேண்டாம்.

இன்றும் மத்திய பட்ஜெட் நம் ஊரைத் தொடுவது பெரும்பாலும் இந்தச் சுங்கத் தீர்வை வழியாகத்தான். 2021 பட்ஜெட்டில் இறக்குமதிப் பஞ்சுக்குத் தீர்வை விதிக்கப்பட்டு, எல்லாம் சேர்த்துச் சுமார் 11 சதவீதம் ஆனது. நூற்பாலைகள் போராடின, 2022-ல் சில மாதங்கள் விலக்குக் கிடைத்தது, 2025 ஆகஸ்டில் மறுபடியும் தற்காலிக விலக்கு. பஞ்சு விளைவிக்கும் விவசாயிக்கு இந்தத் தீர்வை ஒரு காப்பு. நூல் நூற்கும் ஆலைக்கு அதுவே சுமை. இருவருமே நம் பக்கத்து ஆட்கள்தான் என்பதால் இதில் எந்தப் பக்கம் நிற்பது என்பது எளிதன்று.

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம். நூலுக்கும் துணிக்கும் எவ்வளவு ஜி.எஸ்.டி. என்பதைப் பட்ஜெட் உரை முடிவு செய்வதில்லை. 2017 ஜூலை முதல் அந்த வேலை ஜி.எஸ்.டி. மன்றத்துடையது, மத்திய நிதி அமைச்சர் தலைமையில் எல்லா மாநில அமைச்சர்களும் அதில் அமர்கிறார்கள். ஆகவே பிப்ரவரி 1 அன்று நூல் ஜி.எஸ்.டி. குறையவில்லை என்று ஏமாறுவதில் பொருளில்லை. அன்று பார்க்க வேண்டியவை சுங்கத் தீர்வை, வருமான வரி, துறைகளுக்கான ஒதுக்கீடு.

இடைக்கால பட்ஜெட்

1948 பிப்ரவரி 28-ல் சண்முகம் செட்டியார் தன் இரண்டாவது பட்ஜெட்டை, முழு ஆண்டுக்கான 1948-49 பட்ஜெட்டை, தாக்கல் செய்தார். அந்த உரையில் முந்தைய நவம்பர் பட்ஜெட்டை இடைக்கால பட்ஜெட் என்று குறிப்பிட்டார். அந்தச் சொல் அதிலிருந்தே வழக்கில் நிலைத்தது என்பார்கள். இன்று அதன் பயன்பாடு சற்று வேறு. பொதுத்தேர்தல் வரும் ஆண்டில், போகப்போகும் அரசு புதிய அரசின் கையைக் கட்டிப்போடக் கூடாது என்பதற்காக, சில மாதச் செலவுக்கு மட்டும் முன்பண மானியம் கேட்டு நிறுத்திக்கொள்கிறது. முழு பட்ஜெட்டை வெற்றிபெற்றவர்கள் வந்து போடுவார்கள். 2024-ல் பிப்ரவரியில் ஒன்று, ஜூலையில் ஒன்று வந்தது இதனால்தான்.

பதவியில் ஓராண்டு

அவர் நிதி அமைச்சராக இருந்தது சரியாக ஓராண்டு. அந்தக் குறுகிய காலத்தில் தொழில்களுக்கு நீண்டகாலக் கடன் கொடுக்கும் தொழில் நிதிக் கழகம் சட்டமாகி 1948 ஜூலையில் தொடங்கியது. எந்திரம் வாங்கக் கடன் கிடைக்காமல் தவித்த தொழில்களுக்கு அது புதிய கதவு. போர்க்காலத்தில் இந்தியா பிரிட்டனுக்குக் கொடுத்த சரக்குக்கும் சேவைக்கும் லண்டனில் சேர்ந்துகிடந்த நிலுவை நூறு கோடி பவுண்டுக்கும் மேல். அதை எப்படி, எப்போது நமக்கு விடுவிப்பது என்ற பேச்சுவார்த்தைக்கு 1948 கோடையில் லண்டன் சென்றவரும் அவரே.

திரும்பி வந்ததும் பதவி போயிற்று. போர்க்காலத்தில் பெரும் லாபம் ஈட்டி வரி கட்டாமல் விட்டவர்களை விசாரிக்க வருமான வரி விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டிருந்தது. அந்த ஆணையத்துக்குப் போன பெயர்ப் பட்டியலிலிருந்து சில பெயர்கள் திரும்பப் பெறப்பட்டது பெரும் சர்ச்சையாகி, 1948 ஆகஸ்டில் விலகினார். அவருக்குப் பிறகு ஜான் மத்தாய் வந்தார்.

தொழில் தெரிந்தவர் நிதி அமைச்சராக வேண்டும் என்று நம் பக்கத்தில் அடிக்கடி சொல்வோம். நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். பற்றாக்குறை என்றால் என்ன என்பதைத் தன் பெட்டியில் உணர்ந்தவருக்கு அது வெறும் எண்ணாக இருக்காது. ஆனால் தொழிலை அறிந்திருப்பதோடு தொழில் செய்கிறவர்களையும் அறிந்திருப்பது சேர்ந்தே வருகிறது. எந்தப் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும் என்ற முடிவு அமைச்சரின் மேசைக்கு வரும்போது, அந்தப் பழக்கமே ஐயத்துக்கு இடமாகிவிடுகிறது. முடிவு நேர்மையானதாகவே இருந்தாலும் சரி. இதற்கு மருந்து தொழிலதிபர்களை விலக்கி வைப்பதன்று. இப்படிப்பட்ட முடிவு ஒரே ஆளின் கையெழுத்தில் நிற்காதபடி ஏற்பாடு செய்வதுதான்.

சண்முகம் செட்டியார் தமிழிசைக்கும் தமிழுக்கும் உழைத்தவர். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரையும் எழுதினார். 1952-ல் சென்னைச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். அடுத்த ஆண்டு, 1953 மே 5-ஆம் தேதி காலமானார். கொங்கு நாட்டிலிருந்து மத்திய நிதி அமைச்சரான இன்னொருவர் பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம், வட்டார கிராமிய வங்கிகள் 1975-ல் தொடங்கியது அவர் அந்தப் பதவியில் இருந்தபோது. அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

அடுத்த பட்ஜெட் வரும்போது மத்திய நிதி அமைச்சகத்தின் பட்ஜெட் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். 1947 நவம்பர் உரையும் அங்கேயே இருக்கிறது. புதிய பட்ஜெட்டில் முதலில் பட்ஜெட் சுருக்கம் என்ற சில பக்கத் தொகுப்பை எடுங்கள். அதில் ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பு ஆண்டின் மதிப்பீடு, அதன் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு என்று நான்கு பத்திகள் இருக்கும். பெரும்பாலோர் கடைசிப் பத்தியை மட்டும் பார்க்கிறார்கள். நீங்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: சென்ற பிப்ரவரியில் கேட்ட தொகைக்கும் உண்மையில் ஆகப்போகும் செலவுக்கும் எவ்வளவு தூரம் என்பது அங்கே தெரியும். வருவாய்ப் பற்றாக்குறை, வட்டி, மூலதனச் செலவு ஆகிய மூன்று வரிகளுக்கு இதைச் செய்துவிட்டு, பிறகு சுங்கத் தீர்வைப் பகுதியில் பஞ்சு என்ற சொல்லைத் தேடுங்கள்.